பயணியின் உணவு யார் பொறுப்பு?

கடந்த ஆண்டு ஷஅபான் மாதத்தில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குச் சென்றேன். மதரஸாவில் விடுமுறை தொடங்கியிருந்தது. தம்பி அங்கே பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். குறைந்த கட்டண விமானத்தில் பயணச்சீட்டு எடுத்து, உணவுக்கும் முன்கூட்டியே தனியாகப் பணம் கட்டியிருந்தார். விமானம் மேலெழும்பி அரை மணி நேரம் கழிந்ததும், பணிப்பெண் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கை எண்களைப் பார்த்துப் பார்த்துப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசையில் என் எண் மட்டுமே அந்தப் பட்டியலில் இருந்தது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுள்ள இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். கடவுச்சீட்டையும் வேலை ஒப்பந்தத் தாள்களையும் ஒரு நெகிழிப் பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்ததால், முதன்முறையாக வெளிநாடு செல்கிறார் என்பது புரிந்தது. ஏறி அமர்ந்தவுடன் என்னிடம், "பாய், சாப்பாடு எப்பத் தருவாங்க?" என்று கேட்டிருந்தார். இப்போது என் கையில் மட்டும் பொட்டலம் வந்ததைப் பார்த்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வந்த விற்பனை வண்டியையும் அவர் நிறுத்தவில்லை. விலை கேட்கவும் கூச்சம் போலும்.

நான் என்ன செய்தேன்? பிஸ்மில்லாஹ் சொன்னேன்; உண்டேன்; முடித்தேன். டப்பா சிறியது, பங்கிட்டால் இருவருக்கும் போதாது. முன்பின் அறியாதவரிடம் எச்சில் படாத உணவை நீட்டினாலும் தவறாக எண்ணிக்கொள்வாரோ. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கை தாங்கி இருக்கிறது, இது சுப்ரா விரித்த வீடு அல்லவே. இத்தனை நியாயங்களும் கடைசிக் கவளம் வரை எனக்குத் துணைக்கு வந்தன. இதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் மாணவர்களுக்கு ரியாளுஸ் ஸாலிஹீனிலிருந்து அஷ்அரீ கோத்திரத்தாரைப் பற்றிய ஹதீஸைப் பாடம் நடத்தியிருந்தேன். அந்த ஹதீஸ் என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதை நடத்திய வாயால்தான் அந்தப் பிரியாணியைத் தனியாக உண்டேன் என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஊர் திரும்பியபின், விமானங்களில் உணவு எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்று தேடிப் படித்தேன். படித்ததில் முதல் செய்தியே என்னை வியப்பில் ஆழ்த்தியது. விமானப் பயணத்தில் முதன்முதலாகப் பரிமாறப்பட்ட உணவு இலவசமானது அன்று, விலைக்கு விற்கப்பட்டது. 1919 அக்டோபர் 11ஆம் நாள், லண்டனிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் விமானத்தில், பெட்டியில் அடைத்த மதிய உணவு 3 ஷில்லிங்குக்குக் கிடைத்தது. ரொட்டித் துண்டுகளும் பழமும்தான். 'காசு கொடுத்தால் சாப்பாடு' என்பது இக்காலத்துக் குறைந்த கட்டண நிறுவனங்களின் கண்டுபிடிப்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வானப் பயணத்தின் தொடக்கத்திலேயே இருந்த வழக்கம்.

அப்படியானால் இடையில் 'இலவச உணவு' எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானக் கட்டணங்களை நிறுவனங்கள் தம் விருப்பப்படி நிர்ணயித்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் உள்நாட்டுப் பயணங்களுக்கு அந்நாட்டு அரசின் வாரியம் கட்டணத்தை நிர்ணயித்தது. பன்னாட்டு வழித்தடங்களில், 1945இல் ஹவானா நகரில் உருவான விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா வழியாகக் கட்டணங்கள் ஒத்துப்பேசி முடிவாயின. எல்லாக் கடைகளிலும் ஒரே விலை என்றால் வாடிக்கையாளரை எதைக் கொண்டு இழுப்பது? உபசரிப்பைக் கொண்டுதான். ஆகவே விலையில் போட்டியிட முடியாதவர்கள் உணவுத் தட்டில் போட்டியிட்டார்கள். இன்று நாம் பழைய படங்களில் பார்க்கும் பீங்கான் தட்டுகளும் வெள்ளை விரிப்புகளும் அந்தப் போட்டியின் அடையாளங்கள்.

அந்தப் போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. 1958இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்களில் மலிவான புதிய வகுப்பு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். கட்டணம் குறைவு என்பதால் அதில் எளிய சாண்ட்விச் மட்டுமே தர வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்காண்டிநேவிய நாடுகளின் நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., தங்கள் நாட்டு வழக்கப்படி மேல்மூடி இல்லாத சாண்ட்விச்சை, அதன்மேல் இறைச்சியும் காய்கறியும் குவித்துப் பரிமாறியது. சாண்ட்விச் என்ற பெயரில் விருந்தே படைக்கிறார்கள் என்று பான் ஆம் நிறுவனம் முறையிட்டது. எது சாண்ட்விச், எது சாண்ட்விச் அன்று என்று உலகின் பெரிய நிறுவனங்கள் கூடி விவாதித்தன; இறுதியில் எஸ்.ஏ.எஸ். அபராதம் செலுத்த நேர்ந்தது. பசித்தவனுக்குக் கூடுதலாகக் கொடுத்ததற்கு அபராதம்! வணிகத்தின் கணக்கு வேறு, விருந்தோம்பலின் கணக்கு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1978இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. அன்றிலிருந்து போட்டி மீண்டும் விலைக்குத் திரும்பியது. தட்டு சுருங்கத் தொடங்கியது. 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல், சாலட்டிலிருந்து ஓர் ஆலிவ் காயை நீக்கியே ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலரை மிச்சப்படுத்தினார் என்ற செய்தி அத்துறையில் பழமொழி போல வழங்குகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஏற்பட்ட நட்டத்தைக் காரணம் காட்டி அமெரிக்க நிறுவனங்கள் பல, உள்நாட்டுப் பயணங்களில் சாதாரண வகுப்பு உணவை நிறுத்தின. கடைசி வரை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய நிறுவனமான காண்டினென்டலும் 2010இல் கைவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017 ஜனவரியில் குறுந்தூரப் பயணங்களில் உணவை விற்பனைக்கு மாற்றியது. நம் நாட்டில் 2003இல் ஏர் டெக்கானும் 2006இல் இண்டிகோவும் வந்தபின், இருக்கைக்கு ஒரு விலை, உணவுக்கு ஒரு விலை, பெட்டிக்கு ஒரு விலை என்பது பழகிப்போயிற்று. ஏர் இந்தியா 2017இல் உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் அசைவ உணவை நிறுத்திக்கொண்டது. 2020இல் கொரோனாவை முன்னிட்டு அரசே சில மாதங்கள் உள்நாட்டு விமானங்களில் உணவு வழங்கத் தடை விதித்திருந்ததும் நினைவிருக்கும்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. உணவு என்பது வெறும் உணவு அன்று; அடுப்பு, தள்ளுவண்டி, தண்ணீர், குப்பை ஆகியவற்றின் எடையும் சேர்ந்தது. ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் எரிகிறது. குறைந்த கட்டண விமானம் தரையிறங்கி அரை மணி நேரத்திற்குள் மீண்டும் புறப்பட வேண்டும். தட்டுகளை எடுத்துச் சுத்தம் செய்ய நேரம் இல்லை. இவற்றையெல்லாம் குறைத்ததால்தான், முன்பு விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அதில் ஏறுகிறார்கள். என் பக்கத்தில் இருந்த இளைஞரும் அவர்களில் ஒருவர். இதை மறந்துவிட்டு 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுவது நேர்மையாகாது.

இங்கே ஃபிக்ஹு மாணவன் கவனிக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது. 'இலவச உணவு' என்று நாம் சொல்லி வந்தது ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை. அது ஹிபா அன்று, அன்பளிப்பு அன்று. விற்பனை ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. கட்டணத்திற்குள் அதன் விலை அடங்கியிருந்தது. ஒப்பந்தத்தில் உணவு இருந்து, அதைத் தராமல் விட்டால் அது நம் உரிமையைப் பறித்தல். ஒப்பந்தத்தில் இல்லாதபோது அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. சில இடங்களில் சட்டம் தனியே ஓர் உரிமையைத் தருகிறது. நம் நாட்டு விதிப்படி, விமானம் குறிப்பிட்ட நேரத்தைக் கடந்து தாமதமானால், காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்திற்கு 2 மணி நேரத் தாமதம், ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்திற்கு 3 மணி நேரத் தாமதம், அதற்கும் நீண்டதற்கு 4 மணி நேரத் தாமதம் என்பது கணக்கு. இதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயணக் கூடங்களில் பசியோடு படுத்திருக்கும் நம் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆக, விமான நிறுவனம் ஒருபோதும் நமக்கு விருந்து வைக்கவில்லை. ஆகவே விருந்தை நிறுத்தவும் இல்லை. அப்படியென்றால் வழியில் செல்பவனின் பசி யாருடைய பொறுப்பு? நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள்.

முதல் பொறுப்பு பயணியினுடையது. யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர் உணவு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் புறப்படுவார்கள். நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரீயில் பதிவாகியுள்ளது. இவர்களை முன்னிட்டே, வழியுணவை எடுத்துச் செல்லுங்கள் என்ற கட்டளை அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனத்தில் இறங்கியது. அந்த வசனம் தக்வாவையே சிறந்த வழியுணவு என்கிறது என்பதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த உயர்ந்த கருத்து, மாவும் பேரீச்சம்பழமும் கட்டிக்கொண்டு வா என்ற எளிய கட்டளையின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. கட்டுச்சோற்றைத் தாண்டிக் குதித்துத் தக்வாவை அடைய முடியாது. தன் உணவைத் தான் சுமக்காதவன் பிறர்மீது சுமையாகிறான். அது தவக்குல் ஆகாது.

ஹஜ் கடமையாவதற்குரிய 'சக்தி' என்பதற்கு ஸாதும் ராஹிலாவும், அதாவது வழியுணவும் வாகனமும், என்று பெரும்பான்மை இமாம்கள் விளக்கம் தந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) மட்டும், நடந்து செல்லும் வலிமையும் வழியில் உழைத்துப் பிழைக்கும் திறனும் உள்ளவனுக்கு இவை இல்லாவிட்டாலும் சக்தி உண்டு என்று கருதினார்கள். எப்படியாயினும், வாகனத்துக்கு இணையாக உணவை நிறுத்தியது நம் சட்ட மரபு. இன்று உம்ரா செல்பவர்கள் பயணச்சீட்டின் விலையை நூறு முறை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த விலையில் உணவு அடங்கியிருக்கிறதா என்பதை விமானத்தில் ஏறிய பிறகு கேட்கிறார்கள்.

நபித்துவ வரலாற்றின் மிகப் பெரிய பயணத்திற்குக் கட்டுச்சோறு கட்டியவர் ஒரு பெண்மணி. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் உணவைத் தயாரித்த அஸ்மா (ரலி), பையைக் கட்டக் கயிறு கிடைக்காமல் தம் இடுப்புக் கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். 'தாத்துன் நிதாகைன்', இரு கச்சைகளுக்குரியவர், என்ற பெயர் அதனால் அவர்களுக்கு நிலைத்தது. அந்த உணவுக்கு அரபியில் 'ஸுஃப்ரா' என்று பெயர். ஸஃபர், அதாவது பயணம் என்ற சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. முதலில் பயணிக்கான உணவைக் குறித்தது. பின் அதைச் சுற்றிவைக்கும் தோலைக் குறித்தது. அந்தத் தோலை விரித்து அதன்மேல் உண்டதால் விரிப்பையே குறிக்கலாயிற்று. நம் வீடுகளில் பந்திக்கு விரிக்கும் 'சுப்ரா' அதே சொல்தான். வீட்டுக்குள் அமர்ந்து சஹனைச் சுற்றிச் சாப்பிடும்போதும் நாம் பயணிகளின் சொல்லைத்தான் விரித்து அமர்கிறோம்.

இரண்டாவது பொறுப்பு, வழியில் இருப்பவர்களுடையது. நபி மூஸா (அலை), ஹிள்ரு (அலை) ஆகியோரின் பயணத்தை அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் ஓதுகிறோம். களைப்படைந்த மூஸா (அலை) தம் உதவியாளரிடம் காலை உணவைக் கொண்டுவரச் சொல்வதில் அந்த வரலாறு தொடங்குகிறது. பிறகு இருவரும் ஓர் ஊருக்கு வந்து உணவு கேட்கிறார்கள். ஊரார் விருந்தளிக்க மறுத்துவிடுகிறார்கள். இடிந்து விழ இருந்த ஒரு சுவரை அந்த ஊரிலேயே கூலியின்றி நிமிர்த்தி வைக்கிறார் ஹிள்ரு (அலை). உணவு தராத ஊருக்குக் கூலி இல்லாத வேலையா என்று மூஸா (அலை) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பயணிக்குச் சோறு மறுத்த ஓர் ஊரின் செயலை மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அல்லாஹ் பதிந்து வைத்திருக்கிறான் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அச்சம் வரும்.

மக்காவாசிகள் இந்தப் பொறுப்பை ஒரு பதவியாகவே ஆக்கியிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் முன்னோரான குஸை, ஹாஜிகள் இறைவனின் விருந்தினர் என்று சொல்லி, குறைஷியர் தம் செல்வத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதைக்கொண்டு வழியுணவு இல்லாத ஹாஜிகளுக்குச் சமைத்துப் போடுவார்கள். இதற்கு 'ரிஃபாதா' என்று பெயர். தண்ணீர் கொடுக்கும் பணி 'ஸிகாயா'. நபி (ஸல்) அவர்களின் பூட்டனார் அம்ர், ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் போட்டு மக்களுக்கு ஊட்டியதால், 'பிய்த்துப் போடுபவர்' என்ற பொருளில் 'ஹாஷிம்' எனப்பட்டார். பனூ ஹாஷிம் என்ற உயர்ந்த குடும்பப் பெயர் ஒரு சமையல் சட்டியிலிருந்து வந்தது. ஸிகாயா பணி இஸ்லாத்தின் காலத்திலும் அப்பாஸ் (ரலி) அவர்களிடம் தொடர்ந்தது. மினாவில் ஹாஜிகளுக்கு ஆட்சியாளர் சார்பில் உணவு வழங்கும் வழக்கம் தம் காலம் வரை நீடித்ததாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா, கூஃபாவிலிருந்து மக்கா வரும் பாதை நெடுகக் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமைத்ததும் இதே மரபின் நீட்சி. அந்தப் பாதை இன்றும் 'தர்பு ஸுபைதா' என்றே அழைக்கப்படுகிறது.

மூன்றாவது பொறுப்பு உடன் செல்பவருடையது. என் நெஞ்சில் தைத்தது இதுதான்.

குறைஷியரில் மூவருக்கு 'அஸ்வாதுர் ரக்பு' என்ற பட்டம் இருந்தது. 'பயணக் கூட்டத்தின் வழியுணவு' என்பது அதன் பொருள். முஸாஃபிர் இப்னு அபீ அம்ர், ஸம்ஆ இப்னுல் அஸ்வத், அபூ உமய்யா இப்னுல் முகீரா என்போர் அம்மூவர். இவர்களோடு ஒருவர் பயணம் செய்தால் அவர் தமக்கென உணவு கொண்டுவர வேண்டியதில்லை, இவர்கள் விடமாட்டார்கள். நம் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் மூன்றாமவரான அபூ உமய்யாவின் மகள்தான். அறியாமைக் காலம் என்று நாம் ஒதுக்கும் அந்தக் காலத்தில், ஒரு மனிதரைப் புகழ்வதற்கு 'இவர்தான் எங்கள் கட்டுச்சோறு' என்று சொல்லியிருக்கிறார்கள்.

இஸ்லாம் வந்து இந்தப் பண்பை ஒரு சில செல்வந்தர்களின் பெருமையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் உரிய கடமையாக்கியது. ஒரு பயணத்தில் ஒருவர் தம் வாகனத்தில் வந்து வலமும் இடமும் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், கூடுதல் வாகனம் வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும், கூடுதல் வழியுணவு வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்று சொல்லி, இவ்வாறே பொருள் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார்கள். மிகுதியாக இருக்கும் எதிலும் எங்களில் எவருக்கும் உரிமை இல்லையோ என்று நாங்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்கள் என்று அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த மனிதர் வாய் திறந்து எதையும் கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. பார்வையை அலைய விட்டார், அவ்வளவே. என் பக்கத்து இருக்கைக்காரர் சன்னல் பக்கம் திரும்பியதும் ஒரு பார்வைதான். அதை நான் படிக்கவில்லை.

அஷ்அரீ கோத்திரத்தாரைப் பற்றிய ஹதீஸ் இதுதான். போர்ப் பயணத்தில் வழியுணவு தீரும் தறுவாயிலும், மதீனாவில் குடும்பத்தின் உணவு குறையும்போதும், அவர்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். உணவு நிறைந்திருக்கும்போது பகிர்ந்ததற்கு அன்று, குறையும்போது பகிர்ந்ததற்குத்தான் இந்தப் பாராட்டு. 'என் டப்பா சிறியது' என்ற நியாயத்திற்கு இங்கே இடமே இல்லை.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது? கடற்கரைப் பகுதிக்கு அபூ உபைதா (ரலி) தலைமையில் முந்நூறு பேர் கொண்ட படை ஒன்று அனுப்பப்பட்டது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுவர். வழியில் உணவு குறைந்தது. தலைவர் எல்லோரிடமிருந்தும் உணவைச் சேர்க்கச் சொன்னார். இரண்டு பை பேரீச்சம்பழம் தேறியது. அதிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்து வந்து, இறுதியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பழம் என்ற நிலை வந்தது. குழந்தை சப்புவதைப் போல அதைச் சப்பிவிட்டுத் தண்ணீர் குடிப்போம் என்கிறார் அப்படையில் இருந்த ஜாபிர் (ரலி). ஒரு பழம் எந்த மூலைக்கு என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டபோது, அதுவும் தீர்ந்துபோன அன்றுதான் அதன் அருமை தெரிந்தது என்று அவர் விடை தந்தார். பிறகு கடல் ஒதுக்கிய பிரம்மாண்டமான மீன் அவர்களுக்குக் கிடைத்ததும், அதைப் பல நாட்கள் உண்டதும், மீதியில் சிறிது மதீனாவுக்கு வந்து நபி (ஸல்) அவர்கள் உண்டதும் எல்லோரும் அறிந்தவை. நான் மாணவர்களுக்குச் சொல்லும்போதும் மீனில்தான் நீண்ட நேரம் நிற்பேன். பையன்களுக்கு அதுதான் பிடிக்கும். இனி அந்த இரண்டு பைகளில் நிற்க வேண்டும். தனித்தனியே வைத்திருந்தால் சிலர் வயிறு நிறைய உண்டிருப்பார்கள், சிலர் முதல் நாளே பட்டினி கிடந்திருப்பார்கள்.

காசு கொடுத்து வழியில் வாங்கி உண்பதும் நம் வரலாற்றில் புதிதன்று. ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்து, 1184 அக்டோபரில் அக்கா துறைமுகத்திலிருந்து ஜெனோவாக்காரர்களின் கப்பலில் ஊர் திரும்பினார். பெரும் எண்ணிக்கையில் கிறித்தவ யாத்திரிகர்களும் அதில் இருந்தனர். கப்பலிலேயே ரொட்டி, தண்ணீர் முதல் மாதுளை, பேரிக்காய், அத்திப்பழம், பாலாடைக்கட்டி, மீன் வரை விற்பனைக்கு இருந்ததை அவர் வியந்து எழுதுகிறார். ஆனால் எதிர்க்காற்று கப்பலைப் போகவிடவில்லை. முன்யோசனை உள்ளவர்கள் முப்பது நாளுக்கு உணவு கொண்டுவந்திருந்தார்கள். மற்றவர்கள் இருபது நாளுக்கோ பதினைந்து நாளுக்கோதான். பயணம் இரண்டு மாதங்களாக நீண்டது. கடைசியில் சிசிலியின் மெஸ்ஸினா கரையருகே கப்பல் உடைந்தபோது, கரைசேர்க்கும் படகுக்காரர்கள் கூலி கேட்டார்கள்; ஏழை முஸ்லிம்களிடம் அது இல்லை. அதை அந்நாட்டுக் கிறித்தவ மன்னர் இரண்டாம் வில்லியம் தம் பணத்திலிருந்து கொடுத்தார். இதையும் இப்னு ஜுபைர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

நம் பாட்டன்மார்கள் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறிய காலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1877இல் தொடங்கப்பட்டுப் பின்னர் முகல் லைன் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் கப்பல்கள் தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளைச் சுமந்தன. 1995ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து கப்பல் வழி ஹஜ் முடிவுக்கு வந்தது. பழைய நாட்களில் மேல்தளத்துப் பயணிகள் அரிசியும் மாவும் பருப்பும் மூட்டை கட்டிக்கொண்டு ஏறி, அங்கேயே சமைத்து உண்டார்கள். ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாமல் இருக்க வழியில்லை. விமானத்தில் நான்கு மணி நேரம் தோளுரசி அமர்ந்திருந்தும், அந்த இளைஞரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

ஹலால் உணவைப் பற்றி ஒரு சொல். கட்டணத்தில் உணவு அடங்கிய விமானங்களிலும் முஸ்லிம் உணவு வேண்டுமென்றால் 'எம்.ஓ.எம்.எல்.' என்ற குறியீட்டில் முன்கூட்டியே பதிவுசெய்வது பாதுகாப்பானது. ஏர் இந்தியா 2024இல் விதிகளைத் திருத்தியபோது, சவூதி செல்லும் விமானங்களின் உணவு அனைத்தும் ஹலாலாக இருக்கும் என்றும், மற்ற வழித்தடங்களில் முன்பதிவு செய்த முஸ்லிம் உணவுக்கே ஹலால் சான்று உண்டு என்றும் செய்திகள் வந்தன. பதிவுசெய்ய மறந்தவர்களுக்கு வீட்டுக் கட்டுச்சோறுதான் பாதுகாப்பு. ரொட்டி, பேரீச்சம்பழம் போன்ற திட உணவைக் கைப்பையில் கொண்டுசெல்லப் பெரும்பாலும் தடை இல்லை. குழம்பு, பாயசம், ஊறுகாய் எண்ணெய் போன்ற நீர்த்த பொருள்களைத்தான் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

இனித் திரும்பி வந்த பயணம். பத்து நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு அதே நிறுவனத்தின் இரவு விமானம். இந்த முறை உணவைப் பதிவுசெய்ய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். தம்பியின் மனைவி பத்து ரொட்டிகளையும் பொரித்த கோழியையும் தாளில் சுற்றித் தந்திருந்தார். பக்கத்தில் யார் அமர்ந்தாலும் நீட்டிவிடுவது என்ற உறுதியோடு, முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்றுகூட மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் அமர்ந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி, ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் போகிறாராம். விளக்குகள் மங்கியதும் காலடிப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அறைத் தோழர்கள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. வாசனை வரிசை முழுவதும் பரவியது. பிரித்து மடியில் வைத்தவர், உண்ணாமல் என் தொப்பியையும் தாடியையும் ஒருமுறை பார்த்தார். என் கை என் பையை நோக்கிப் போவதற்குள், தாளின் ஒரு பாதியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"பாய், சைவந்தான். நீங்க சாப்பிடுவீங்கல்ல?"